ஸ்க்ரூவைத் தொடும் முன்: ஒரு வீட்டுச் செயின்சாவின் நிகழ்வு ஆய்வு

வந்த புகார்

பழுது பார்க்க வந்தது 40 சிசி அளவுள்ள பெட்ரோல் செயின்சா. 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் தட்டைத் தகடு), 3/8 லோ புரொஃபைல் செயின் (3/8 என்பது பிட்ச், அதாவது செயின் இணைப்புகளின் இடைவெளியைக் குறிக்கும் அளவு), 1.3 மி.மீ. கேஜ் (பார் பள்ளத்தில் ஓடும் கண்ணியின் தடிமன்). வாங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தாலும் அது ஓடிய நேரத்தையெல்லாம் கூட்டினால் முழுதாக ஒரு நாள்கூடத் தேறாது. காற்றில் மரம் சாய்ந்தாலோ, கிளை கழிக்க வேண்டியிருந்தாலோ வெளியே எடுப்பார்கள். மற்ற மாதங்களில் டேங்கில் பெட்ரோலோடு அப்படியே அலமாரியில் கிடக்கும்.

உரிமையாளர் சொன்ன குறைகள் இவை. கை வலிக்கும் வரை கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. எப்போதாவது பிடித்தால் சோக் போட்டிருக்கும் வரை ஓடுகிறது, சோக்கைத் திறந்ததும் நின்றுவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வேகம் எடுக்காமல் அமுங்கி அணைகிறது. கடைசியாக ஓடிய அன்று மரத்தை நேராக அறுக்காமல் வளைந்துகொண்டே போனது, சீவலுக்குப் பதில் மாவாகத் தூள் கொட்டியது.

“இன்ஜின்ல சக்தி போயிடுச்சு. 60 சிசி, 20 அங்குல பார் இருக்கிற மாதிரி பெரிசா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை டியூன் பண்ணிப் பாருங்க” என்றார். தெரிந்தவர் ஒருவர் ஏற்கெனவே, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுத்ததாகவும், அதற்கப்புறம் கொஞ்ச நாள் நன்றாக ஓடியதாகவும் சொன்னார்.

எனக்கு உறுத்தியது அந்தக் கடைசித் தகவல்தான். சரியாக இருந்த செட்டிங் தானாக மாறாது. ஸ்க்ரூவைத் திருப்பினால் கொஞ்ச நாள் சரியாகிறது, அப்புறம் பழையபடி ஆகிறது என்றால், உள்ளே ஏதோ ஒன்று மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருக்கிறது, அதை ஸ்க்ரூ தற்காலிகமாக ஈடுகட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் ஸ்க்ரூடிரைவரை ஓரமாக வைத்துவிட்டு, டேங்க் மூடியிலிருந்து தொடங்கினேன்.

டேங்க், பிளக், கம்ப்ரஷன்

மூடியைத் திறந்ததும் வந்தது பெட்ரோல் வாடையே இல்லை, பழைய வார்னிஷ் வாடை. கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிச் சிறிது நேரம் அசையாமல் வைத்தேன். அடியில் மெல்லிய நீர்ப்படலம் தனியாகப் பிரிந்து நின்றது. பெட்ரோலில் முதலில் ஆவியாகிப் போவது அதன் லேசான பகுதிகள். குளிர்ந்த இன்ஜின் சட்டென்று தீப்பிடிக்க உதவுவதும் அதே பகுதிகள்தான். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து கீழே இறங்கிவிடும். டேங்கின் அடியில் கிடக்கும் ஃபில்டர் முதலில் உறிஞ்சுவது அந்த அடி நீரைத்தான். இப்படிப்பட்ட எரிபொருளை வைத்துக்கொண்டு எந்தச் சோதனை செய்தாலும் அதற்கு மதிப்பில்லை. முழுதாகக் காலி செய்து புதுக் கலவை ஊற்றினேன்.

கலவை பற்றி ஒரு வார்த்தை. இந்த மெஷினுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் விகிதம் 50:1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். 25:1 கேட்கும் மெஷின் என்றால் 40 மி.லி. “பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூடுதலா ஊத்தினா நல்லதுதானே” என்று கேட்பவர்கள் ஏராளம். ஆயில் கூடினால் அதே அளவு கலவைக்குள் பெட்ரோல் குறைகிறது, அப்போது இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று–பெட்ரோல் கலவை லீன் பக்கம், அதாவது பெட்ரோல் குறைந்த பக்கம் நகரும். கூடவே புகையும் கரியும். காரிலோ பைக்கிலோ ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயிலை இதில் ஊற்றுவது அதைவிட மோசம்.

அடுத்தது பிளக். சோக் போட்டுச் சில தடவை இழுத்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால் முனை காய்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆகாத எந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினிலும் இந்த ஒரு சோதனையே பாதி வழியைக் காட்டிவிடும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் ஏறி ஓவர்ஃப்ளோ ஆகியிருக்கிறது. காய்ந்திருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்கே போய்ச் சேரவில்லை. பொறியையும் பார்த்தேன்: பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உடலைச் சிலிண்டரின் உலோகத்தில் அழுத்தி வைத்துக் கயிற்றை இழுக்க வேண்டும். பிளக் கழன்ற ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும் என்பதால் பிளக்கை அதிலிருந்து தள்ளிப் பிடிப்பது அவசியம். பொறி நீலமாக, திடமாக இருந்தது. 0.5 மி.மீ. இடைவெளியும் சரியாக இருந்தது.

சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜில் 140 பிஎஸ்ஐ. இந்த அளவு மெஷினுக்கு நல்ல எண். கேஜ் இல்லாதவர்கள் ஸ்டார்ட்டர் கைப்பிடியில் மெஷினைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம்: விட்டு விட்டு, தயங்கித் தயங்கி இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது, சரசரவென்று இறங்கிவிட்டால் இல்லை. கயிறு எளிதாக இழுபட அந்த அழுத்தத்தைத் திறந்துவிடும் டீகம்ப்ரஷன் பட்டன் உள்ள மெஷினில் அது மூடியிருக்க வேண்டும். சைலன்ஸரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வாய் வழியாக டார்ச் அடித்து பிஸ்டனையும் பார்த்தேன். தயாரிப்பின்போது விழும் மெல்லிய குறுக்குக் கோடுகள் அப்படியே இருந்தன, செங்குத்துக் கீறல் எதுவும் இல்லை. சைலன்ஸர் வாயில் இருந்த பொறித்தடுப்பு வலை மட்டும் பாதி கரியால் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்தாயிற்று.

“இன்ஜினில் சக்தி போய்விட்டது” என்ற சந்தேகம் இங்கேயே தீர்ந்தது. சக்தி அப்படியே இருக்கிறது, அதற்குத் தீனிதான் போகவில்லை.

சோக்கில் மட்டும் ஓடியது ஏன்

செயின்சாவைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் பிடித்து வேலை செய்கிறோம். பைக் கார்புரேட்டரில் இருப்பது போல மிதவை வைத்தால் சாய்த்த உடனே பெட்ரோல் வரத்து குழம்பிவிடும். அதனால் இதில் டயாப்ரம் கார்புரேட்டர். இதற்குள் இரண்டு மெல்லிய சவ்வுகள். ஒன்று பம்ப்: பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் கீழுள்ள கிராங்க் கேஸ் அறையில் உண்டாகும் அழுத்த அதிர்வை வாங்கித் துடித்து, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். மற்றொன்று அளவு பார்ப்பது: இன்ஜின் உறிஞ்சும்போது இந்தச் சவ்வு உள்ளே வளைந்து ஒரு சிறிய நெம்புகோலை அழுத்தும், நெம்புகோல் ஊசியைத் திறக்கும், தேவையான அளவு பெட்ரோல் உள்ளே வரும். 12,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் நொடிக்கு 200 தடவை போய் வருகிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குச் சவ்வு மென்மையாக இருந்தாக வேண்டும்.

கார்புரேட்டரைப் பிரித்தால் அளவுச் சவ்வு காய்ந்த சருகு போல மடங்க மறுத்தது, விரலால் அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் வேறு. பம்ப் சவ்வின் சிறு மடல்கள் சுருண்டிருந்தன. பெட்ரோல் நுழையும் இடத்திலுள்ள பொடி வலையில் பிசின். இதெல்லாம் டேங்கில் மாதக்கணக்கில் நின்ற பெட்ரோலின் வேலை.

சோக் புதிரும் இங்கேதான் அவிழ்ந்தது. சோக் போட்டால் காற்று வழி கிட்டத்தட்ட அடைபடுகிறது. இன்ஜின் உறிஞ்சும் விசை முழுவதும் பெட்ரோல் துளையின் மேல் விழுகிறது, விறைத்த சவ்வைக்கூட அந்த விசை வளைத்துவிடும். சோக்கைத் திறந்ததும் விசை குறைகிறது, சவ்வு அசையாது, ஊசி திறக்காது, இன்ஜின் பட்டினியில் அணையும். சோக்கில் மட்டும் ஓடும் மெஷின் என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தச் சவ்வையும் பெட்ரோல் குழாயையும்தான்.

குழாயிலும் கோளாறு இருந்தது. ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோலை இழுக்க அமுக்கும் பிரைமர் குமிழை எத்தனை முறை அமுக்கினாலும் பெட்ரோலோடு காற்றுக் குமிழி வருவது நிற்கவே இல்லை. ஒரு கம்பியின் நுனியை வளைத்து ஃபில்டரை வெளியே இழுத்தேன், அது பழுப்பேறி இறுகியிருந்தது. குழாய் டேங்கின் சுவரைக் கடக்கும் இடத்தில் ஒரு முடி அளவு வெடிப்பு. நேராக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, வளைத்தால் வாய் திறந்தது. பெட்ரோலை இழுக்க வேண்டிய பம்ப் அந்த வெடிப்பு வழியாகக் காற்றையும் சேர்த்து இழுத்திருக்கிறது.

ஸ்க்ரூக்கள் இருந்த நிலையையும் குறித்துக்கொண்டேன். குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் லோ ஸ்பீட் ஸ்க்ரூ கிட்டத்தட்ட மூன்று சுற்று திறந்திருந்தது, முழு வேகத்துக்கு விடும் ஹை ஸ்பீட் ஸ்க்ரூ கால் சுற்றுதான். முன்பு ஸ்க்ரூவைத் திருப்பிக் கொடுத்த அந்த நண்பர் என்ன செய்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. பெட்ரோல் போதவில்லை என்று லோவைத் திறந்துகொண்டே போயிருக்கிறார். முழு வேகத்தில் இன்ஜின் கரகரத்ததைக் கோளாறு என்று நினைத்து ஹையை மூடியிருக்கிறார். சத்தம் மழமழவென்று ஆகியிருக்கும், கேட்க நன்றாகவும் இருந்திருக்கும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கு எண்ணெய் கொண்டுபோவது பெட்ரோல்தான், அதைக் குளிர வைப்பதிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. ஹை ஸ்க்ரூவை மூடினால் இரண்டும் ஒரேயடியாகக் குறையும். இன்னும் ஓரிரண்டு டேங்க் அப்படியே ஓட்டியிருந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்திருக்கும். மெஷின் அடிக்கடி அணைந்து அடம்பிடித்ததுதான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

சவ்வுகள், ஊசி, வலை எல்லாம் அடங்கிய கிட், புதுக் குழாய், புது ஃபில்டர் போட்டேன். பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அளவுச் சவ்வின் பக்கம் முதலில் கேஸ்கெட், அதன் மேல் சவ்வு. பம்ப் பக்கத்து வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம், அங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நெம்புகோலின் உயரத்தைக் கண்மதிப்பில் வளைப்பது வேண்டாத வேலை.

டியூனிங்

ஸ்க்ரூ இரண்டையும் மெதுவாக மூடி, முட்டியதும் நிறுத்தி, ஒரு சுற்று திறந்தேன். இறுக்கி மூடினால் ஊசி முனை இருக்கையைச் சிதைத்துவிடும், அப்புறம் எந்த செட்டிங்கும் நிற்காது. ஒரு சுற்று என்பது பொதுவான தொடக்கம் மட்டுமே, மெஷினின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. கயிறு சில இழுப்பிலேயே பிடித்தது. சோக்கைத் திறந்தும் நிற்காமல் ஓடியது. உரிமையாளர் பக்கத்தில் இருந்திருந்தால் அப்போதே வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் வேகம் உடனே இறங்கவில்லை. மேலேயே தொங்கிக்கொண்டிருந்துவிட்டு மெல்ல இறங்கியது. ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடும் வேகத்தில் வைத்து மெஷினை இடப்பக்கம் சாய்த்தால் வேகம் ஏறியது, நேராக்கினால் இறங்கியது. லோ ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்தால் இது மறையும், நண்பரும் அப்படித்தான் மறைத்திருப்பார். சாய்த்தால் மாறும் ஐடில் என்பது எங்கோ காற்று கசிகிறது என்பதற்கான அறிகுறி. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு ரப்பர் இணைப்பு உண்டு. அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்குகள் மேல் இன்ஜின் ஆடும்போது இந்த ரப்பரும் சேர்ந்து வளையும். எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் பக்கத்தையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, கைப்பம்பால் 7 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்துச் சோப்பு நீர் தடவினேன். ரப்பரின் அடிமடிப்பில் நுரை கிளம்பியது. அதையும் மாற்றியபிறகு ஆக்ஸிலேட்டரை விட்டதும் வேகம் சட்டென்று இறங்கியது. எப்படிச் சாய்த்தாலும் ஐடில் அசையவில்லை.

உண்மையான டியூனிங் இதற்குப் பிறகுதான். ஏர் ஃபில்டர் சுத்தம், செயின் கூர்மை, பாரும் செயினும் மாட்டியிருப்பது, இன்ஜின் சூடேறியிருப்பது எல்லாம் முன்நிபந்தனை. அடைத்த ஃபில்டரோடு டியூன் செய்துவிட்டு அப்புறம் ஃபில்டரைக் கழுவினால் கலவை லீனாகிவிடும்.

முதலில் லோ. உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும், வெளியே திருப்பினால் கூடும். மெதுவாக இரு பக்கமும் திருப்பி ஐடில் மிக வேகமாக ஓடும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எட்டில் ஒரு பங்கு சுற்று வெளியே திருப்பினேன். ஆக்ஸிலேட்டரைத் தட்டினால் தயங்காமல் வேகம் எடுக்க வேண்டும். தயங்கினால் இன்னும் துளி திறக்கலாம். ஐடிலில் புகைந்து, சிறிது நேரத்தில் மூச்சு முட்டி அணைந்தால் திறந்தது அதிகம். அடுத்து ஐடில் ஸ்க்ரூ: இன்ஜின் நிற்காமல் ஓட வேண்டும், செயின் சுற்றக் கூடாது. இந்த அளவு மெஷின்களில் அது பெரும்பாலும் 2,800 முதல் 3,000 ஆர்பிஎம். ஐடிலில் செயின் நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த மெஷினைக் கையில் எடுக்கவே கூடாது.

கடைசியாக ஹை. இதில்தான் காதுக்கு வேலை. மரத்தில் வைக்காமல் முழு வேகம் கொடுத்தால் சத்தத்தின் ஊடே ஒரு கரகரப்பு, விட்டு விட்டு வரும் தடுமாற்றம் கேட்க வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக இருந்து, சில சுற்றுகளில் தீப்பிடிக்காமல் போவதால் வரும் சத்தம் அது. மரத்தில் வைத்துச் சுமை ஏறியதும் கரகரப்பு மறைந்து சத்தம் தெளிய வேண்டும், எடுத்தால் திரும்பி வர வேண்டும். மரத்துக்குள்ளும் கரகரத்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்), வெளியிலும் மழமழவென்று கத்தினால் லீன். முழு வேகத்தில் சில நொடிகளுக்கு மேல் சும்மா பிடித்திருக்கக் கூடாது. காதில் நம்பிக்கை இல்லாதவர்கள் டேகோமீட்டர் வைத்து, கையேட்டில் உள்ள உச்ச ஆர்பிஎம்மைத் தாண்டாமல் நிறுத்தட்டும். சந்தேகம் வந்தால் ரிச் பக்கமே விடுவது என் வழக்கம். அதனால் கொஞ்சம் புகையும், பிளக்கில் கரி படியும், அவ்வளவுதான். லீனாக விட்டால் பிஸ்டனே போகும். கடும் வெயிலில் செட் செய்த மெஷின் குளிரில் லீனாக ஓடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும், குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது.

ஸ்டீலின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வார்னாவின் ஆட்டோட்யூன் போல, கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும் மெஷின்களில் இந்தத் திருப்பல் வேலை இல்லை. வெடித்த குழாயையும் விறைத்த சவ்வையும் அவற்றாலும் ஒன்றும் செய்ய முடியாது.

செயின்

வளைந்து அறுத்ததற்கும் தூள் கொட்டியதற்கும் இன்ஜினோடு சம்பந்தமே இல்லை. செயின் பற்கள் இடம், வலம் என்று மாறி மாறி இருக்கும். 1946-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ், மரவண்டுப் புழு இடமும் வலமுமாகக் கடித்துக் கட்டையைத் துளைத்துப் போவதைப் பார்த்து இந்த அமைப்பை உருவாக்கினார். இன்றைய செயின்கள் அந்த வழி வந்தவைதான். இரு பக்கமும் சமமாக இருக்கும் வரை அறுப்பு நேராகப் போகும். இந்தச் செயினில் ஒரு பக்கப் பற்கள் மற்ற பக்கத்தைவிடக் குட்டையாகவும் மழுங்கியும் இருந்தன. அரம் பிடிக்கும் கைக்கு ஒரு பக்கம் வசதியாகவும் மறு பக்கம் வசதிக்குறைவாகவும் இருப்பதால் வரும் வழக்கமான வினை இது. செயின் கூர்மையான பக்கம் நோக்கி இழுத்துக்கொண்டு போகும்.

3/8 லோ புரொஃபைலுக்கு 4.0 மி.மீ. உருண்டை அரம். 0.325 பிட்ச் என்றால் 4.8 மி.மீ. பல்லின் மேல் தகட்டில் உள்ள கோட்டைப் பார்த்து 30 டிகிரி கோணத்தில், உள்ளிருந்து வெளியே ஒரே திசையில் தள்ள வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. மிகக் குட்டையான பல்லை அளவாக வைத்து மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவந்தேன். செயினின் ஆயுள் கொஞ்சம் குறையும்தான், வேறு வழியில்லை.

தூளுக்குக் காரணம் வேறு. ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் உள்ள சிறு மேடுதான் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. பல்லின் மேல்தகடு பின்பக்கம் சரிவாக இருப்பதால் தீட்டத் தீட்டப் பல் தாழும், மேடு மட்டும் அதே உயரத்தில் நிற்கும். ஒரு கட்டத்தில் பல் மரத்தையே தொடாது, மேடு மட்டும் உரசும். இதில் மேட்டை ஒருமுறைகூட யாரும் தொட்டதில்லை. கேஜ் தகடு வைத்துத் தட்டை அரத்தால் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வாக இறக்கினேன். வேகமாக அறுக்கும் என்று அதற்கும் கீழே இறக்கினால் செயின் மரத்தைப் பிடித்து இழுக்கும், மெஷின் முகத்தை நோக்கி எகிறும் கிக்பேக் அபாயமும் கூடும்.

மழுங்கிய செயின்தான் உரிமையாளரை அழுத்தி அறுக்க வைத்திருக்கிறது. அழுத்தினால் இன்ஜின் திணறும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும், பாரின் விளிம்பு தேயும். அப்போது ‘சக்தி இல்லை’ என்றுதான் தோன்றும். கூர்மையான செயின் மெஷினின் எடையிலேயே இறங்கும்.

பார் பள்ளத்தில் அடைத்திருந்த கசடைக் கிண்டி எடுத்து, விளிம்பின் பிசிறைத் தட்டை அரத்தால் நீக்கி, பாரைத் தலைகீழாக மாற்றிப் போட்டேன். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பார் நுனியை ஒரு வெளிர்நிற அட்டைக்கு நேரே, படாமல் பிடித்து வேகம் கொடுத்தால் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழுந்தது.

ஸ்டார்ட் செய்யும் முறை

மெஷினைத் திரும்ப எடுத்துப்போக வந்த உரிமையாளரை அவர் வழக்கப்படியே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சோக்கைப் போட்டுவிட்டு இழுத்துக்கொண்டே இருந்தார். நடுவில் ‘பொப்’ என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, அதை அவர் கவனிக்கவில்லை. வீட்டுச் செயின்சாக்களில் பாதி இந்த இடத்தில்தான் ஓவர்ஃப்ளோ ஆகின்றன. அந்த ‘பொப்’ தான் முதல் தீ. கேட்ட உடனே சோக்கை அடுத்த நிலைக்கு, அதாவது வேக ஐடில் நிலைக்கு மாற்றி இழுத்தால் அடுத்த சில இழுப்பில் ஓடிவிடும். கேட்காமல் சோக்கிலேயே தொடர்ந்தால் பெட்ரோல் பிளக்கை நனைத்துவிடும்.

அப்படி நனைந்துவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, ஸ்டாப் சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, ஆக்ஸிலேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு கயிற்றைப் பல முறை இழுத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றலாம். அப்புறம் பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டு, சோக் இல்லாமல் இழுக்க வேண்டும். சூடான இன்ஜினுக்குச் சோக் தேவையே இல்லை. பெட்ரோலைச் சுற்றிவரச் செய்யும் வகைப் பிரைமர் குமிழை எத்தனை முறை அமுக்கினாலும் சிலிண்டருக்குள் பெட்ரோல் போகாது, கார்புரேட்டரை நிரப்பிவிட்டு மிச்சத்தை டேங்குக்கே அனுப்பும். அதனால் பெட்ரோல் குமிழில் தெரியும் வரை தயங்காமல் அமுக்கலாம்.

பிடிக்கும் விதம்: செயின் பிரேக் போட்டு, தரையில் வைத்து, வலது கால் நுனியைப் பின் கைப்பிடிக்குள் நுழைத்து அழுத்தி, இடது கை முன் கைப்பிடியைக் கட்டைவிரல் சுற்றிப் பிடிக்க, வலது கையால் இழுக்க வேண்டும். முதலில் கனம் தட்டும் வரை மெதுவாக, பிறகு வெடுக்கென்று. ஒரு கையால் மெஷினைக் கீழே தள்ளி மறு கையால் கயிற்றை இழுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. வேக ஐடிலில் கிளட்ச் பிடித்துவிடும் என்பதால் அந்தரத்தில் ஆடும் பாரில் செயின் சுற்றத் தொடங்கும், அது போய் நிற்கும் இடம் பெரும்பாலும் தொடை. ஓடியதும் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டு தட்டினால் வேக ஐடில் விடுபடும், அப்புறம்தான் பிரேக்கை விடுவிக்க வேண்டும். பிரேக் போட்டபடி வேகம் கொடுத்தால் கிளட்ச் கருகும்.

பெரிய மெஷின் வேண்டுமா

அவர் அறுப்பதில் பெரும்பகுதி 15 முதல் 25 செ.மீ. தடிமனுள்ள கிளைகள். வழக்கமாக அறுக்கும் கட்டையைவிடப் பார் ஒரு 5 செ.மீ. நீளமாக இருந்தால் போதும். 16 அங்குலம் என்றால் 40 செ.மீ., அவருக்கு இதுவே தாராளம். 60 சிசி, 20 அங்குலம் என்றால் எடை கூடும். கை தளரும்போது பார் நுனி எங்கே இருக்கிறது என்ற கவனமும் தளரும். நுனியின் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும், கிக்பேக் என்பது அதுதான். நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும் செயினைக் கையால் தடுக்க யாராலும் முடியாது. நீளமான பார் நுனி கண்ணுக்கு எட்டாமல் கிளைகளுக்குள் ஒளிந்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

இன்று புதிதாக வாங்குவதாக இருந்தால் இவருக்குப் பேட்டரி செயின்சாவைத்தான் சொல்லியிருப்பேன். இந்த ஆய்வில் வந்த கோளாறுகளில் இன்ஜினைச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை மெஷின் சும்மா கிடந்ததால் வந்தவை. பேட்டரி மெஷினில் பெட்ரோலும் இல்லை, சவ்வும் இல்லை, பட்டனை அழுத்தினால் ஓடும். வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்க்காமல் வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 36 வோல்ட், 4 ஆம்பியர்-ஹவர் என்றால் 144 வாட்-ஹவர். சும்மா கிடக்கும் மாதங்களில் பேட்டரியைப் பாதி சார்ஜில், சூடில்லாத இடத்தில் வைக்க வேண்டும். சத்தமில்லாமல் ஓடுவதால் ஆபத்து குறைவு என்று எண்ணக் கூடாது. செயின் அதே செயின்தான், கிக்பேக்கும் அதேதான், செயின் ஆயிலும் ஊற்றியாக வேண்டும். வயர் உள்ள மின்சார மெஷின் வீட்டுச் சுவரை ஒட்டிய வேலைக்கு மலிவாகவும் லேசாகவும் இருக்கும், ஈரத்தில் கூடாது. நாள் முழுக்க, மின்சாரம் எட்டாத இடத்தில், தடித்த கட்டை அறுப்பவருக்குப் பெட்ரோல்தான் இன்னும் பொருத்தம்.

எந்த வகையானாலும் செயின் பிரேக், ஆக்ஸிலேட்டர் லாக், அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி, அதிர்வு தாங்கும் அமைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சவ்வு கிட்டும் செயினும் எளிதில் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் தொடமாட்டேன்.

கையில் ஓடும் மெஷின் இருக்கும்போது புதிது எதற்கு என்று அவரே முடிவு செய்தார். பெரிய மெஷினுக்கு எடுத்து வைத்த பணத்தில் முகவலையும் காதுமூடியும் உள்ள ஹெல்மெட், வெட்டுத் தடுக்கும் கால் உறை, மாற்றுச் செயின் ஒன்று, அரமும் கேஜும் வாங்கிக்கொண்டார். வேலை முடிந்து மெஷினை உள்ளே வைக்கும் முன் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓட்டிவிட்டு வைக்கச் சொன்னேன். சிலர் பெட்ரோல் இருந்தால்தான் சவ்வு ஈரமாக இருக்கும் என்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் நான் அதை ஏற்பதில்லை. கலவையை ஒரு மாதத் தேவைக்கு மேல் கலக்க வேண்டாம். சூட்டில் விரிந்த செயினை வேலையின்போது இறுக்கியிருந்தால் வைக்கும் முன் தளர்த்திவிட வேண்டும், குளிர்ந்து சுருங்கும்போது அது கிராங்க் பேரிங்கை இழுக்கும்.

அடுத்த முறை நீண்ட இடைவெளிக்குப் பிறகு எடுத்தபோது புதுக் கலவையில் சில இழுப்பிலேயே ஓடியதாகச் சொன்னார். ஸ்க்ரூக்களை யாரும் தொடவில்லை. ஒரு வேலை மட்டும் பாக்கி இருக்கிறது: செயினைச் சுழற்றும் ஸ்ப்ராக்கெட் சக்கரத்தின் பற்களில் செயின் பதித்த தடம் 0.5 மி.மீ. ஆழத்தை நெருங்கிவிட்டது. மாற்றுச் செயினைப் பூட்டும்போது அதையும் சேர்த்து மாற்றுவதாக இருக்கிறோம், தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் ஓடினால் புதுச் செயினும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.